ஆணிக் கம்பெனி டாக்டருக்குக் காது பாத்த நாள்

இல்ல சார், கழட்டிடாதீங்க. முதல்ல கொஞ்ச நேரம் காதை அடைச்ச மாதிரிதான் இருக்கும். புதுசா மிஷின் மாட்டுறவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. ரெண்டு காதுலயும் நல்லா உக்காந்துடுச்சு. இப்ப நான் பேசுறது எப்படி இருக்கு? தெளிவா இருக்கா? சந்தோஷம். மூணு வருஷமா இடி இடிச்சாக்கூடக் கேக்கலன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க, இப்ப பாருங்க.

வீட்டுக்கா? இல்ல, இது ஆஸ்பத்திரி மிஷின், கொடுத்தனுப்ப மாட்டோம். இங்க நாம பேசிக்கறதுக்கு மட்டும். அப்புறம் கழட்டிடலாம், கவலப்படாதீங்க.

மாஸ்க்கா? சளி சார். இந்த ரூம் வேற நாலு பக்கமும் மெத்தை மாதிரி அடைச்சு வெச்சது, காத்தே வராது. ஒரு தும்மல் போட்டா உங்களுக்கும் ஒட்டிக்கும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

கம்ப்யூட்டர்ல அளவு வெக்க ஒரு பத்து நிமிஷம் ஆகும். நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன், நீங்க சாதாரணமாப் பேசிட்டிருங்க.

ஆமா, விசாரணைக் கமிட்டிதான் உங்கள இங்க அனுப்பியிருக்கு, தெரியும். மூணு தடவ கூப்பிட்டாங்களாம், கேள்வி எதுவும் காதுல விழலன்னு சொல்லிட்டு வந்துட்டீங்களாம். ஆணிக் கம்பெனி விவகாரம்தானே? அங்க நீங்கதான் கம்பெனி டாக்டர். எத்தன வருஷம்? பத்தொம்போதா. நெறைய காது பாத்திருப்பீங்க.

அப்பல்லாம் இந்த மாதிரி ரூம், கருவியெல்லாம் ஏது, எப்படி சார் பாத்தீங்க? சாவிக்கொத்தா? ஓ. ஆளச் சுவத்தப் பாக்க நிக்க வெச்சுட்டுப் பின்னாடி சாவிக்கொத்தக் கீழ போடுவீங்க. திரும்பினா காது கேக்குது. சரி, திரும்பலன்னா? நடிக்கிறான்னு எழுதுவீங்க. அப்ப கேக்காதுன்னு ஒருத்தருக்குக்கூட எழுதலயா? இல்ல சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்.

அளவக் கொஞ்சம் குறைக்கிறேன். இப்பவும் கேக்குதா? இன்னும் கொஞ்சம் குறைக்கட்டா? சரி.

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஆராய்ச்சி பண்றோம் சார். அந்தக் கம்பெனில வேல பாத்த பழைய ஆளுங்க நாப்பத்திமூணு பேரத் தேடிப் பிடிச்சு, இதே நாக்காலில உக்கார வெச்சு டெஸ்ட் எடுத்தோம். காது எந்தச் சத்தத்த எவ்ளோ வாங்குதுன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோடு வரும். வயசான காதுன்னா அந்தக் கோடு மெதுவாச் சரியும். மிஷின் சத்தம் தின்ன காதுன்னா ஒரு இடத்துல தடால்னு பள்ளத்துல விழும். முப்பத்தாறு பேருக்கு அதே இடத்துல பள்ளம். அதுல இருந்துதான் இந்த விசாரணையே கெளம்புச்சு.

அதுல ஒருத்தர் ஆணிக்குத் தலை அடிக்கிற மிஷின்ல இருந்தவர். நீங்க சாவி போட்டப்ப அவர் திரும்பினார். கீழ பலகைத் தரை சார். கால்ல அதிர்ந்துச்சு, திரும்பிட்டார். காது நல்லா இருக்கு, வேலைக்குப் பயந்து நடிக்கிறான்னு ஃபைல்ல எழுதினீங்க. சத்தம் கம்மியா இருக்கற செக்‌ஷனுக்கு மாத்திவிடுங்கன்னு மட்டும்தான் அவர் கேட்டார், வேற ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் பதினோரு வருஷம் அதே மிஷின்.

ஞாபகம் இல்லையா. பரவால்ல. எங்கப்பா சார் அவர்.

உக்காருங்க. இன்னும் முடியல. நான் சண்டைக்கு வரல, கத்தவும் இல்லயே. பாருங்க, எவ்ளோ மெதுவாப் பேசுறேன்.

ஒரு நாள் காலைல பத்து மணி இருக்கும். அம்மா குளிக்கற ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. அப்பா பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சிட்டிருக்கார். நடுவுல ஒரு சுவர்தான். நான் காலேஜ்ல. மாடி வீட்டு அக்கா துணி காயப்போட்டுட்டுக் கீழ எறங்கி வந்தப்ப முனகல் கேட்டு ஓடியிருக்காங்க. அவங்க போய்த் தோளத் தொடுற வரைக்கும் அப்பா குறுக்கெழுத்துப் போட்டுட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அம்மா போயிட்டாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாப் பொழச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க.

அப்பா அழல. என் கையப் பிடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். எத்தன தடவ என்னக் கூப்பிட்டிருப்பா? இன்னிக்குக் காலைலயும் கேட்டார். பன்னெண்டு வருஷமா கேக்கறார் சார். இந்தக் காதுப் படிப்புக்கு நான் மாறினது அதுக்கப்புறம்தான்.

மன்னிப்பா? அப்பா உங்கள எப்பவோ மன்னிச்சுட்டார். விட்டுடும்மா, அந்த மனுஷனுக்கும் வயசாச்சுன்னு எங்கிட்டயும் சொன்னார். நான்தான் மாட்டேன்னுட்டேன். டெஸ்டுக்கு வர்றவங்கன்னு உங்க பேரு எங்க நோட்டுல வந்த அன்னிக்கு எனக்கு வயிறு குளிர்ந்துச்சு சார். பொய் சொல்லக் கூடாது இல்லையா.

என்ன, நான் எழுதுற ரிப்போர்ட் செல்லாதா? அது எனக்கும் தெரியும். உங்க கேஸ்ல எனக்கு சம்பந்தம் இருக்குன்னு அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. அந்தக் கண்ணாடி தெரியுதில்ல, அதுக்குப் பின்னாடி எங்க பெரிய டாக்டரம்மா இருக்காங்க, பக்கத்துல கமிட்டி செகரட்டரி. நீங்க வந்ததுலேர்ந்து மைக்ல எல்லாத்தையும் கேட்டுட்டு உக்காந்திருக்காங்க. அவங்கதான் எழுதுறாங்க.

மிஷின் இருக்கறதால கேக்குது, கழட்டிட்டா ஒண்ணும் கேக்காது. அவ்ளோதானே? தாராளமாச் சொல்லுங்க, அதையும் எழுதிக்கட்டும்.

சரி, கழட்டித் தாங்க. மெதுவா. ரெண்டுலயும் பேட்டரி போடல சார், வெறும் கூடுதான்.

செவ்வாய்க்கிழம பத்தரைக்கு விசாரணை. எங்கப்பா முன் வரிசைலதான் உக்காருவார். நீங்க பதில் சொல்றப்பக் கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க, என்ன. அவர் உங்க உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்கணும்.