கை டீச்சரின் அறை பூட்டிக் கிடக்கலாமா?

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, டாக்டர்களே, நர்ஸ் அம்மாக்களே, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிடுகிறவர்களே, ஒற்றைக் கையால் வணக்கம் சொல்கிறவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பக்கவாதத்தில் விழுந்த கைகளை எழுப்பிவிட்ட நம் கை டீச்சர் காலமாகிவிட்டார். பிசியோதெரபி படித்த பெரிய படிப்பாளி. நமக்கு அவர் டீச்சர்தான். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி அவர் முன்னால் எத்தனை முறை திருதிருவென்று விழித்திருக்கிறேன்!

என் பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தலைவாரி வளர்த்தது என் வலது கை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் காலையில் அந்தக் கை ஈரத்துணி போலத் தொங்கிப்போனது. விரல்கள் மட்டும் லேசாக அசையும். என் மருமகள் தங்கமான பெண். ஊட்டிவிடுவாள், தலை வாரிவிடுவாள், என் மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட அவள்தான் விரட்டுவாள். நானும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரிடம் தடித்த கையுறைகள் உண்டு. நல்ல கையில் அதை மாட்டிவிட்டால், முடியாத கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வந்தாக வேண்டும். அதுதான் அவர் கொடுக்கும் பயிற்சி. என் இடது கையில் ஒன்றை மாட்டினார். பிறகு இன்னொரு ஜோடியை எடுத்தார். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? என் மருமகளுக்கு! அதுவும் இரண்டு கையிலும்!

"எனக்கு எதுக்கு டீச்சர்? எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"பாட்டிம்மா அவங்க கைய நம்பல, உங்க கையத்தான் நம்பிட்டு இருக்காங்க. முதல்ல இத நிறுத்தணும்."

என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். தாகம் என்றேன்.

"தண்ணி பக்கத்துலதான் இருக்கு. கைய அனுப்புங்க, எடுத்துட்டு வரும்."

"ஏன்டியம்மா, நான் செத்தா உனக்குச் சந்தோஷமா?"

"இவ்வளவு திட்டுறவங்க இன்னிக்குச் சாக மாட்டாங்க."

மருமகள் அழுதேவிட்டாள். "அழுங்க, தப்பில்ல. எழுந்து வர மட்டும் கூடாது" என்றார் டீச்சர். பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டியது. ஒரே ஒரு வாய் தொண்டையில் இறங்கியது. இன்று இந்த மைக்கைப் பிடித்திருப்பது எந்தக் கை? பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்படிப்பட்டவர் இல்லாமல் அந்த அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவது வரிசையில் இருக்கும் தையல்காரர் தம்பி டீச்சரிடம் ஒரே ஒரு பாடம்தான் கற்றார். கத்தரிக்கோல் பிடித்த கை மடியில் கிடக்கிறது. பூட்டிய கதவின் முன்னால் நின்று என்னிடம் கேட்டார்: "எனக்கு இனிமே யாரும்மா?"

அந்தக் கேள்வியைத்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

புது டீச்சர் வரும்வரை அறை பூட்டியே இருக்கட்டும் என்கிறார் தலைவர். எங்கள் பாதுகாப்பை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் ஐயா, விழுந்த கை அதுவரை காத்திருக்குமா? ஆரம்பத்திலேயே பழக்காவிட்டால் மடியே கதி என்று கிடந்துவிடுமே!

நடைப்பயிற்சிப் பிரிவு டாக்டர் தம்பி, யாருக்கு என்ன பயிற்சி என்று பார்த்துச் சொல்லச் சம்மதித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டி, கெஞ்சி, அதைச் செய்யவைக்க நாங்கள் இருக்கிறோம். என்னைப் போலவே டீச்சரிடம் கை தேறிய பஸ் டிரைவர் ஐயா இருக்கிறார். தபால்கார அம்மா இருக்கிறார். நான் இருக்கிறேன். என் மருமகளும் வருகிறாள். திங்கட்கிழமை காலையில் அறை திறக்க வேண்டும். சாவியை இந்த மேடையிலேயே கேட்கிறேன் ஐயா, மறுக்காதீர்கள்!

இப்போது டீச்சரின் படத்துக்கு மலர் வைக்க வேண்டும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தையல்காரர் தம்பி முதலில் வரட்டும். வலது கையால் வைக்கட்டும். தங்கச்சி, நீங்க உங்க வீட்டுக்காரர் முழங்கைய விடுங்க, கூட நடந்து வந்தாப் போதும். பூ விழுந்தால் விழட்டும், தட்டில் இன்னும் நிறைய இருக்கிறது. யாரும் கை கொடுக்க வேண்டாம். அவர் வைத்து முடிக்கும்வரை நாம் எல்லோரும் எழுந்து நிற்போம்.