எக்காளத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் அருங்காட்சியக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, உடன் பணிபுரியும் தோழர்களே, இடம் கிடைக்காமல் படிக்கட்டில் நிற்கும் பெருமக்களே!

வாத்தியக் கூடத்தின் காப்பாளர், முனைவர் பட்டம் பெற்ற பிறகும் நமக்கெல்லாம் 'பித்தளை அக்கா'வாகவே இருந்த அம்மையார் இன்று இல்லை. நான் பக்கத்து ஆயுதக் கூடத்தின் காப்பாளன். என் பொறுப்பில் துப்பாக்கிகளும் வாள்களும் இருக்கின்றன. அவர் பொறுப்பில் இருந்தவை ஊதுகிறவையும் தட்டுகிறவையும்தான். ரத்தம் சிந்தியது எந்தக் கூடத்தில்? என் கூடத்திலா? இல்லையே!

எல்லாம் அந்தப் பழைய பித்தளை எக்காளத்தால் வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஆற்றுப் பாலத்தருகே சேற்றில் கிடைத்தது அது. பல ஆண்டுகள் கழித்து, அக்கா அதைக் கூடத்தில் வைத்ததும், வென்ற படையினரின் பேரப்பிள்ளைகள் வந்தார்கள். "பாலத்தைப் பிடிக்க எங்க தாத்தா ஊதினதுங்க" என்றார்கள். தோற்ற படையினரின் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். "சரணடைஞ்ச எங்க ஆளுங்களைச் சுடச் சொல்லி ஊதினது" என்றார்கள். அக்கா முத்திரையைப் பார்த்தார், குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், போன இடமெல்லாம் விசாரித்தார். இரு படைகளும் ஒரே பட்டறையில்தான் எக்காளம் வாங்கியிருந்தன! 'ஊதியவர் யார், எதற்காக என்பது தெரியவில்லை' என்று பெயர்ப்பலகையில் எழுதினார்.

மிரட்டல் வந்தது. வீட்டுக் கதவில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். "ஏதாவது ஒரு பக்கம் எழுதித் தொலைங்கக்கா" என்றேன். சிரித்தார்.

"எந்தப் பக்கம் எழுதினாலும் இன்னொரு பக்கத்துக்காரன் கொளுத்துவான். பொய்யும் சொல்லி, வீடும் போயி... எதுக்குப்பா ரெட்டை நஷ்டம்?"

பாலச் சண்டையின் நினைவு நாளன்று இரு கூட்டமும் உள்ளே புகுந்தன. கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. ஒருவன் எக்காளத்தைப் பற்ற, இன்னொருவன் இரும்புக் கம்பியால் அவன் விரல்களை முறித்தான். உடைந்த கண்ணாடி ஒருவன் கன்னத்தைப் பல் தெரியக் கிழித்தது. அக்கா நடுவே பாய்ந்து எக்காளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குப்புற விழுந்தார். "விடுங்கப்பா! தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்று கதறினார். தோளில் ஓர் அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டம் அவர்மேல் சரிந்தது. அடுத்த அடி பின்மண்டையில். நாங்கள் அவரைப் புரட்டியபோது எக்காளத்தின் வாய் நிறைய ரத்தம். அந்த ரத்தம் யாருடையது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை!

பெருமக்களே, இரு தரப்பினரும் என்னைத் தனித்தனியாக வந்து பார்த்தார்கள். "அவங்க ஆளுதான் கொன்னான்னு சாட்சி சொல்லுங்க சார்." வார்த்தைகூட மாறவில்லை! மாமாவும் கேட்டார். "நீதானே மாப்ளே பக்கத்துல இருந்தே? கொன்னவன் யாருன்னு சொல்லு." அவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்?

மாமா, சபையறியச் சொல்கிறேன். தோளில் அடித்தவனின் முகத்தைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் விரல் நீட்டிக் காட்டுவேன். யார் தடுத்தாலும் காட்டுவேன்! மண்டையில் அடித்தவனின் கை மட்டுமே எனக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அவன் எந்தப் பக்கத்தவன் என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். நீங்கள் என்னைத் திட்டினாலும் அதைத்தான் சொல்வேன்.

அவன் இந்த மண்டபத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். நின்றால், கேட்டுக்கொள்ளட்டும். கிடைக்கும்வரை தேடுவோம். கிடைக்கவில்லை என்பதற்காக வேறொருவனைப் பிடித்துக் கொடுக்க மாட்டோம்.