பாறைமேட்டு அடிபம்பின் கைப்பிடி

பெயர் எத்திராஜ். தகப்பனார் பெயர் வரதன். வயது 47. உத்திரமேரூர் வட்டாரம், காவாந்தண்டலத்துக்கு அடுத்த பாறைமேடு, பள்ளத்தெரு, கதவு எண் 3/14. தொழில் அடிபம்பு மெக்கானிக். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என்மேல் வந்த புகார் சம்பந்தமாக 1986ஆம் வருடம் ஜூன் மாதம் 11ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

எங்கள் ஊரில் நூற்றிருபது வீடுகளுக்கு ஒரே அடிபம்பு. கரும்பாறையைத் துளைத்து இறக்கியது. சென்ற தை மாதம் பாறை ஆராய்ச்சி செய்யும் ஐசக் என்பவர் சென்னையிலிருந்து வந்து பம்புத் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்துச் சென்றார். அதன் பிறகு பங்குனியில் குடிநீர் அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தை மேற்பார்வையாளர் ராஜாராம் எனக்குப் படித்துக் காட்டினார். பாறையில் இயற்கையாகவே உள்ள கதிர்வீச்சுப் பொருள் தண்ணீரில் கரைந்து வருகிறது, அளவு அதிகம், குடிக்க விடக்கூடாது என்று அதில் இருந்தது. பம்பை மூடிவிடலாமா என்று கேட்டேன். அவர் பரிசோதனைப் பாரத்தை எடுத்துப் போட்டார். நிறம், வாடை, உப்பு, கிருமி என்று கட்டங்கள் இருந்தன. "இதுல அதுக்குக் கட்டமே கெடையாது. இல்லாத கட்டத்துல நான் இன்னான்னு எழுதறது?" என்று சொல்லி, குடிக்க உகந்தது என எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதற்கும் காய்ச்சிக் குடிக்கச் சொல் என்று என்னையே தண்டோரா போடச் சொன்னார். நானும் தெருத்தெருவாகப் போட்டேன். அதை நினைத்தால் என் வாயே எனக்கு நாறுகிறது.

அதன் பிறகு சித்திரை முதல் வாரம் என் மகள் மலர்க்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில் ஆண் குழந்தை பெற்றாள். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. நாலு சொம்பு ஒரு சொம்பாகச் சுண்டக் காய்ச்சித்தான் கொடுப்போம். என் மனைவி இந்திராணி ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான் கொடுத்தாள். குழந்தைக்கும் சங்கில் அதையே புகட்டினாள்.

சென்ற வியாழக்கிழமை ஐசக் மறுபடி வந்தவர், எங்கள் அடுப்பில் பானை கொதிப்பதைப் பார்த்து, யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இது சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போக இது பானையிலேயே தங்கும், நாலு சொம்பில் உள்ளது ஒரு சொம்பில் சேரும் என்றார். இந்திராணி பானையைத் தூக்கிப்போய் எருக்குழியில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு திங்கட்கிழமை ராஜாராமை ஊருக்கு வரவழைத்து, பம்பை மூடிவிட்டு லாரியில் தண்ணீர் விடும்படி கேட்டேன். உத்தரவு இல்லை என்றார். ஒரு சொம்பு பம்புத் தண்ணீரை அவரிடம் நீட்டினேன். "எனக்கு சளி புடிச்சிகினு கீதுப்பா" என்று சொல்லிவிட்டு, கடையில் கலர் வாங்கிக் குடித்தார். சளிக்குக் கலர் குடிக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். காறித் துப்பினேன். அவர்மேல் படவில்லை. பட வேண்டும் என்றுதான் துப்பினேன்.

அதன் பிறகு மாலை நாலு மணிக்கு, பெண்கள் குடத்தோடு நிற்கும்போதே, ஸ்பேனரால் பம்பின் மூடியைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி, கைப்பிடியை உருவி எடுத்தேன். எதிர்வீட்டுப் பாஞ்சாலி, "புள்ளைங்களுக்கு இன்னாத்தக் குடுக்கறது, உன் மூத்திரத்தையா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பம்பை விட்டால் ஆற்று ஊற்றுதான், அது இரண்டு மைல். கைப்பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். எதையும் உடைக்கவில்லை. ஒரு போல்ட்டுகூட நசுங்கவில்லை.

மலர்க்கொடி குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று ஐசக்கிடம் கேட்டதற்கு, தனக்கும் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன ஒரே அதிகாரி அவர்தான். குழந்தை இன்று காலையும் குடித்தது.

கைப்பிடி எங்கே என்று நிலையத்தில் மூன்று முறை கேட்கப்பட்டது. புதுக் கைப்பிடி போட்டால் அதையும் கழற்றுவேன்.

மேலே எழுதியதைத் தலைமைக் காவலர் துரைராஜ் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது. கைப்பிடி இருக்கும் இடம் மட்டும் இதில் இல்லை. எழுதியவர் விட்டுவிடவில்லை, நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) வ. எத்திராஜ்