எதையும் எழுதாத லைப்ரரி

காபிக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். மேசையில் டம்ளர் வட்டம் விழுந்திருக்கிறது. பழைய தாள் ஏதாவது இருந்தால் கொடுங்கள், துடைத்துவிடுகிறேன். எதையும் சுத்தமாக வைத்துப் பழகிவிட்டேன்.

வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் எடுக்கிற ரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்புகிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. ஜாவாவில் எழுதியது, ஒரு சர்வருக்குள் உட்கார்ந்து ஓடும். பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டது நான்தான். அதனால் லேபில் என் பெயரே சர்வர் என்றாகிவிட்டது. உள்ளே நுழைந்தால் போதும், "சர்வர், நாலாம் டேபிளுக்கு ரெண்டு காபி" என்பார் லேப் அக்கா. தினமும் அதே ஜோக்தான். தினமும் சிரிப்பேன். பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவர்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

லாக் என்றால் என்ன என்று கேட்டீர்கள். புரோகிராம் தான் செய்வதையெல்லாம் தானே எழுதி வைக்கிற டைரி. அதில் ஆயிரம் வரி வெட்டிப்பேச்சு, ஒரு வரி காரியம். எங்கள் லாகில் காரியமான வரி இதுதான். லேபிள் அடிக்கிற மெஷின் அணைந்து மறுபடி எழுந்தால், சில சமயம் முன்பு அடித்த எண்ணையே திரும்ப அடித்துவிடும். இரண்டு பேருடைய ரத்தக் குழாயில் ஒரே எண். இவருடைய முடிவு அவர் பெயரில் போய் உட்கார்ந்துவிடும். புரோகிராம் அதைத் தடுக்காது, லாகில் ஒரு எச்சரிக்கை எழுதும், அவ்வளவுதான். தடுக்கிற மாதிரி மாற்றலாம் என்று நான் இரண்டு முறை கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த எச்சரிக்கைகளை மட்டும் லாகிலிருந்து பொறுக்கி எடுத்து கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கத்தில் காட்டும்படி அக்காவுக்குச் செய்து கொடுத்திருந்தேன். மணிக்கொரு தரம் பார்ப்பார். பார்த்ததும் போனை எடுத்துவிடுவார். "நாலாம் வார்டா? ரெண்டாவது பெட்டுக்காரருக்கு மறுபடி ரத்தம் எடுத்து அனுப்புங்க. என்னைத் திட்டாதீங்கம்மா, உசுரு விஷயம்." வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போன் போகும். வார்டில் எல்லோரும் அவரைக் கரித்துக்கொட்டுவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

போன வருஷம் சர்வரைப் புதுப்பித்தோம். புது சர்வர் லாக் எழுதுவதற்குத் தன்னுடைய லைப்ரரி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கிற இடமில்லை, மேடம், ஒரு வேலைக்கென்று யாரோ எழுதித் தயாராக வைத்த குட்டி புரோகிராம். எங்கள் புரோகிராம் ஏற்கெனவே வேறொன்றை வைத்திருந்தது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு சமையல்காரரை வரச்சொன்ன கதைதான். இது எழுத வேண்டியதை அதன் கையில் கொடுக்கும், அது வாங்கி இதன் கையிலேயே திருப்பிக் கொடுக்கும். ஒரு வரி நூறு வரியாகி, மத்தியானத்துக்குள் டிஸ்க் நிரம்பி, சர்வர் படுத்துவிடும். எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சைரன். வாசலிலிருந்தே ஆரம்பிப்பார். "இன்னிக்கும் படுத்துக்கிச்சா? நீ இங்க என்னதான்யா பண்றே?"

ஒன்பது நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எங்கள் லைப்ரரியை எடுத்தேன், புரோகிராம் எழுந்திருக்கவில்லை. சர்வருடையதை எடுத்தேன், சர்வரே எழுந்திருக்கவில்லை. யாரை முதலில் ஏற்றுவது என்ற வரிசையை மாற்றினேன், ஒரு பக்கம் நின்றது, இன்னொரு பக்கம் இரட்டிப்பானது. ரிப்போர்ட் அச்சடிக்கிற பகுதிக்குள் எங்கள் லைப்ரரியின் பழைய பிரதி ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது, அதையும் பிடுங்கினேன், ரிப்போர்ட் வரவில்லை. வீட்டில் மனைவி, "நீங்க வந்துட்டீங்களா, இல்ல சட்டை மட்டும் வந்திருக்கா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

ஒன்பதாம் நாள் ஒரு வழி செய்தேன். எது சொன்னாலும் வாங்கிக்கொண்டு எதையும் எழுதாத ஒரு சின்ன லைப்ரரி உண்டு. நான் கண்டுபிடித்ததல்ல, யாருக்கும் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். சண்டை நின்றது. டிஸ்க் நிரம்பவில்லை. சர்வர் படுக்கவில்லை. மத்தியானம் சைரன் வந்து எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "நம்ம ஆளுய்யா" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. இரண்டே நாள், அப்புறம் நிதானமாகச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, நீ போட்டுக் குடுத்த பக்கத்துல எச்சரிக்கை ஒண்ணுமே வரலையே. பழுதா?"

"பழுது சரியாயிடுச்சுக்கா. அதனாலதான் வரல."

"நிஜமாவா? லேபிள் மெஷினும் சேர்த்தா?"

"எல்லாம் சேர்த்துத்தான்."

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றார். மறுநாள் உண்மையிலேயே ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். ஆளுக்கொன்றாகத் தின்றோம்.

ஏன் உடனே சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்வதற்கும் ஒரு நேரம் இருக்கிறது, மேடம். மூன்றாம் நாள் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். பத்தாம் நாள் என்றால் மானம் போயிருக்கும். இருபதாம் நாள் என்றால் வேலையே போயிருக்கும். நாள் ஆக ஆக வாய் கனத்துவிட்டது. எத்தனை எண்கள் மோதியிருக்கும் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேடியிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்டவன். அதனால்தான் இந்த வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மூன்று பேர் இறந்ததாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தது தையற்காரர் ஒருவர்தான். அவர் ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. அவர் பெயரில் வந்து நின்றது வேறொருவருடைய நல்ல முடிவு. வார்டில் அதைப் பார்த்துவிட்டு, காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விடிவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அவருடைய மனைவியும் தையல் வேலைதான். கழுத்தில் அளவெடுக்கிற டேப்போடு அப்படியே லேபுக்கு ஓடிவந்து, "நல்லாயிருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். அக்கா அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாளாகவே எதுவும் வருவதில்லை, மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது.

விசாரணை வரும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன். அந்தச் சின்ன லைப்ரரியை எடுத்துவிட்டு, சர்வருடையது எங்கள் புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்காதபடி ஒரு கோப்பில் நாலு வரி எழுதினேன். சண்டையும் இல்லை, லாகும் ஒழுங்காக வந்தது. இருபது நிமிஷ வேலைதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பழைய லாகை மாதம் ஒருமுறை அழிப்பது எங்கள் வழக்கம். அதையும் செய்தேன், வழக்கமான வேலைதானே. நீங்கள் வந்து அக்காவின் பக்கத்தைத் திறந்தபோது புதிதாக வந்த எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. பக்கம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, இந்த அம்மாதான் பார்க்காமல் விட்டிருக்கிறார் என்று நீங்களே முடிவுக்கு வந்தீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து, "சர்வர், நான் போன் பண்ணி உன்னைக் கேட்டேனே, சொல்லுப்பா" என்றார். ஞாபகம் இல்லை என்றேன். அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஜெயிலில் முடியும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நீங்கள் எப்படியும் இதைக் கேட்கத்தான் போகிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபைலில் அந்தச் சீட்டு இருக்கிறது. என் மேசை டிராயரில் எடுத்திருப்பீர்கள். நீலப் பேனா, அக்காவின் எழுத்து, மேலே என் மகளின் பெயர். அவளுக்கு ஏழு வயது. அந்தச் சின்ன லைப்ரரியை வைத்து அன்றைக்கு நாற்பத்தோராம் நாள். காய்ச்சல் நிற்கவில்லை என்று குழந்தைகள் வார்டில் சேர்த்திருந்தோம்.

ரத்தக் குழாயை நானே கையில் வாங்கிக்கொண்டேன். லேபிள் ஒட்டவிடவில்லை. பிளாஸ்திரியில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன். பொத்திக்கொண்டு லேபுக்கு நடந்தேன். அக்காவிடம் தனியாகப் பரிசோதனை மெஷினில் போடச்சொல்லி, முடிகிறவரை பக்கத்திலேயே நின்று, மெஷினின் திரையில் வந்ததைப் பேனாவால் எழுதித் தரச்சொன்னேன். அக்கா சிரித்தார்.

"ஏன் சர்வர், உன் கம்ப்யூட்டர் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"பெத்த மனசுக்கா."

"அதுவும் சரிதான்" என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பினால் ஜன்னலருகே ஒரு அம்மா. கழுத்தில் அளவெடுக்கிற டேப். அவர் கையிலும் ஒரு குழாய் இருந்தது, புது லேபிள் ஒட்டி. அப்போதுதான் லேபிள் மெஷின் அணைந்து எழுந்திருந்தது, பச்சை விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மா என் சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க வீட்டுக்காரருக்கும் இப்படிக் கையால எழுதி வாங்கிக்கலாமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா" என்றேன். "உங்களுக்குக் கம்ப்யூட்டர்லயே வந்துடும். அது தப்பே பண்ணாது."

அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளிடம் போனேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த நாற்பத்தோராம் நாள் இருந்த அளவு கவனமாக நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் முதல் பக்கத்தில் கவனக்குறைவு என்று எழுதினேனே, அதை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா, மேடம்? அடித்து எழுதினால் பக்கம் அசிங்கமாகிவிடும்.