நாய்க்குப் போட்ட மாத்திரை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. கூட்ஸ் வண்டி நகர்கிற மாதிரி இல்லை. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் மீன்கூடை. அதற்குள் ஒரு நாய். லாரி இடித்து முதுகு போனது என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"இன்னாக்கா, மாமாவோட மாத்திரையவா நாய்க்குக் குடுத்த?" என்றாள் இளையவள்.

"ஆமா. மனசு சரியில்லன்னு அவருக்கு எழுதிக் குடுத்தது. ஒரு வருசமா முழுங்கறாரு, கட்டில வுட்டு எறங்கல. இது ஒண்ணுதான் துன்னுச்சி, பின்னங்கால இன்னா ஒத ஒதைக்குது!"

"அப்ப நடந்துடுமா?"

"அப்டி நெனச்சிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன். டாக்டர் திட்டறாரு. மாத்திரையில ஏறுற செரட்டோனின்னு ஒரு ரசாயனத்துக்கு மூளையில மட்டுமில்ல, முதுகுத்தண்டுலயும் வாசல் கீதாம். அடிபட்ட எடத்துக்குக் கீழ அந்த வாசல் சும்மாவே தொறந்துக்குமாம், மாத்திரை போட்டா இன்னும் ஜாஸ்தியாம். அதான் கால் தானா ஒதைக்குது, நாய்க்கே தெரியாதுன்றாரு."

"நாய்க்கே தெரியாம நாய் ஒதைக்குதா? சரியான பேஜாரு."

"நடக்காது, ஊசி போட்டு ஒரேடியா அனுப்பிடலாமான்னும் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"போன்ல எங்க ஊட்டுக்காரரக் கேட்டேன். வாயே தொறக்காத மனுசன், 'தூக்கினு வா, நான் பாத்துக்கறேன்'ன்றாரு. மாடி எறங்கி தெருமொனையில நின்னுகினு கீறாராம்."

"பார்றா! உனக்கு ஜொரம் வந்தப்ப?"

"சோறு ஆச்சான்னு கேட்டாரு."