குறுக்கே வந்தவள்

– எத்தனை தரம்க்கா சொல்றது? முன்னால போறது தனி, கீழ விழறது தனி. ரெண்டையும் சேத்துக் குழப்பாதே. காத்தையும் கணக்குல சேக்காதே.

– கத்தாதீங்க வாத்தியாரே. பதினஞ்சு வயசுல விட்ட பரிட்சையை நாப்பத்தி மூணுல எழுதப் போறேன். அதுவும் ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு.

– சரி, சரி. அஞ்சு மீட்டர் மாடியிலேருந்து கல்லை நேரா முன்னால எறியறோம். தரைக்கு வர எவ்வளவு நேரம்?

– ஒரு விநாடி.

– அடி சக்கை! வேகம் விநாடிக்கு எட்டு மீட்டர்னா?

– எட்டு மீட்டர் தள்ளி விழும். நம்ம பழைய வீட்டுல தண்ணி ட்ரம் இருந்துச்சே, அந்த தூரம்.

– அக்கா, புத்தகத்துல இருக்கறதை மட்டும் போடு.

– இதையும்தான் போட்டுப் பாப்போமே. நடுவுல, நாலு மீட்டர்ல, ஒருத்தி உக்காந்து பாத்திரம் தேய்க்கறா. அங்க வர்றப்ப கல்லு எவ்வளவு இறங்கியிருக்கும்?

– அரை விநாடி... ஒன்னேகால் மீட்டர்.

– அப்ப தரையிலேருந்து மூணே முக்கால் மீட்டர் உயரத்துல இருக்கு. உக்காந்திருக்கறவ தலைக்கு மேல பறந்து போயிடுமே! அவ கண்ணுல எப்படிடா பட்டுச்சு?

– விடுக்கா, அடுத்த கணக்குக்குப் போவோம்.

– "ட்ரம்முக்குத்தான் குறி வச்சான், இவ குறுக்க போயிட்டா." இதைச் சொல்லிச் சொல்லியே அம்மா என்னைத் திட்டினா, சாகற வரைக்கும்.

– குறி ட்ரம்முக்கு இல்லக்கா. உனக்குத்தான். நான் பதினோரு மார்க் வாங்கின பேப்பரை நீ அப்பாகிட்ட காட்டிட்டேன்னு ஆத்திரம். வருஷா வருஷம் இந்தப் பாடம் வர்றப்ப போர்டைப் பாத்துக்கிட்டே நடத்திடுவேன், பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியாது. சொல்லிடணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீயே அந்தக் கதையை நம்பிட்டே, எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். பாவிக்கா நான்.

– நானா நம்பினேன்? நீ கையை ஓங்கிக்கிட்டு என்னையே பாத்தே. அந்தக் கண்ணு கடைசியா பாத்தது அதைத்தான்.

– அப்ப... தெரிஞ்சுமா சும்மா இருந்தே?

– சும்மா எங்க இருந்தேன்? அப்பா கம்பைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினாரு. நீ கதவைச் சாத்திக்கிட்டே. "ட்ரம்மைத்தாம்ப்பா அடிச்சான், நான்தான் குறுக்க வந்துட்டேன்"னு அவர் காலைக் கட்டிக்கிட்டு அந்தக் கதையைக் கட்டினதே நான்தானேடா!