ஏழாம் படுக்கையின் எண்

வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டை என் மேசையிலேயே முடித்துக்கொள்வேன், ஐயா. பலரும் தொழுகைக்குப் போய்விடுவதால் கணினி வலையில் நெரிசல் இருக்காது. எந்த மாற்றமானாலும் அப்போதுதான் செய்வேன். இந்த மாலாங் நகர மருத்துவமனையில் பதினாறு வருடமாக அதுதான் வழக்கம்.

சுவரில் உள்ள எந்தத் துளையிலும் யார் வேண்டுமானாலும் கேபிளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். அதனால் வார்டுகளுக்குக் கணினி இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்சுகளில் பூட்டுப் போட ஏற்பாடு செய்தேன். செருகியதும் திரையில் ஒரு பக்கம் வரும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் சுவிட்ச் வழிவிடும். இதயத்துடிப்பைச் செவிலியர் திரைக்கு அனுப்பும் கருவியால் அதைச் செய்ய முடியாது. அதன் எண்ணை முன்கூட்டியே விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்குப் படிவம், கையெழுத்து, வார்டு முத்திரை. வார்டுகளுக்கு மூன்று கடிதம் எழுதினேன், நகல்கள் இதோ.

எல்லா வார்டுகளும் படிவம் கொடுத்தன. இதய வார்டும் கொடுத்தது. ஆனால் அதற்குப் பிறகு ஏழாம் படுக்கைக்குப் புதுக் கருவி வந்துவிட்டதாம். வியாழனன்று தலைமைச் செவிலி எந்தாங் அம்மா, எங்களுக்கெல்லாம் இபு எந்தாங், சோறு கட்டிய பழுப்புத்தாளின் ஓரத்தில் எண்ணைக் கிறுக்கிக்கொண்டு வந்தார்.

"முத்திரை எங்க இபு?"

"அத வச்சிருக்கற பொண்ணு லீவு. ஒரே ஒரு நம்பர்தானே, போட்டு விடுங்க பாக் யோஹானெஸ். உங்க கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ முத்திரை குத்தியிருக்க மாட்டாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினாறு வருடச் சிரிப்பு. களைத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாத்துக்கறேன்" என்றேன்.

வெள்ளி 12:10க்குப் பூட்டை இயக்கினேன். என் திரையில் எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் மஞ்சள், வழி மறுக்கப்பட்டது. ஏழாம் படுக்கை. எண்ணைச் சேர்க்க அரை நிமிடம் போதும். இபு எந்தாங் கூப்பிட்டு முறையாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். செவிலியர் திரையில் அந்தப் படுக்கையின் கட்டம் சாம்பல் நிறமாகியிருக்கும் என்று தெரியும். நோயாளி ஒயரைக் கழற்றிவிட்டுக் கழிப்பறைக்குப் போனாலும் அப்படித்தான் ஆகும் என்பதால் அவர்கள் பதறமாட்டார்கள் என்பதும் தெரியும். அறைக்கதவு சாத்தியிருந்தால் கருவியின் சத்தம் வெளியே கேட்காது என்பதும்.

நாற்பத்தொரு நிமிடம் மஞ்சளாகவே இருந்தது. ரவோன் சூப்பை முடித்துக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

படுக்கையில் இருந்தவர் பாக் சுகெங், பேருந்து ஓட்டுநர், ஐம்பத்திரண்டு வயது. இதயம் நின்றது 12:23க்கு என்று கருவி பதிந்திருக்கிறது; செவிலி கதவைத் திறந்து பார்த்தது 12:51க்கு.

விசாரணைக் குழு படிவத்தைக் கேட்டது. இபு எந்தாங்கிடம் இல்லை, வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். "நம்பர அவரு கையிலதான் குடுத்தேன், பாத்துக்கறேன்னாரு" என்று அழுதாராம். உண்மைதான். அந்தத் தாள் இதோ இருக்கிறது.

என் வாக்குமூலத்தில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். உடலைக் கொண்டுபோன ஐந்தாவது நிமிடமே அந்த எண்ணைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், முத்திரை கேட்காமலேயே. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.